தண்ணீருக்குப் பிறந்த நாயும் மாமாவின் குளமும்

காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை நாய்க்கு முடி சீவுவது. இடது காதில் தொடங்குவேன். பிறகு வலது காது, கழுத்து, நெஞ்சு, முன்னங்கால்கள், கடைசியாக வால் நுனியில் இருக்கும் குஞ்சம். இந்த வரிசை மாறினால் எனக்கும் பிடிக்காது, அவளுக்கும் பிடிக்காது. அகலப் பல் சீப்பால் ஒரு முறை, நெருக்கப் பல் சீப்பால் ஒரு முறை. மேலாக வாரினால் போதாது. தோல் வரை சீப்பு போக வேண்டும். இல்லையென்றால் மேலே பட்டுப்போல் தெரிகிற முடி, அடியில் கம்பளிபோல் திரண்டுவிடும். அதிலும் எங்கள் தோப்பில் நாயுருவி அதிகம். அவள் ஒரு சுற்று சுற்றி வந்தால் பாதி நாயுருவியைச் சுமந்துகொண்டுதான் வருவாள்.

வீட்டில் அவளுக்குக் 'கண்ணு' என்று பெயர். அவளுடைய சொந்தப் பெயர் போர்த்துகீசு மொழியில் ஏதோ ஒன்று. அதை என் மனைவி ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "கண்ணுன்னு கூப்புட்டா வராமயா போயிரும்?" என்றாள். உண்மையிலேயே அவள் வந்தாள்.

அவள் எங்களிடம் வந்தது என் தம்பியால். அவன் மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். வட்டவடையில் கேரட் வயல்களுக்கு நடுவே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வெளிநாட்டுத் தம்பதி சில ஆண்டுகள் இருந்தார்கள். அந்த அம்மா போர்த்துகலின் தென்கடற்கரையில் ஒரு மீனவர் ஊரைச் சேர்ந்தவர். குட்டியாகக் கூட்டி வந்த நாய் இது. அவர்கள் திரும்பிப் போக வேண்டி வந்தபோது, போகிற இடம் நகரத்து மாடிவீடு. பக்கத்தில் தண்ணீர் இல்லை. தம்பி தொலைபேசியில் கேட்டான்:

"அண்ணா, நம்ம தோப்புல வாய்க்கா ஓடுதல்லொ. அந்தம்மாளுக்கு அது ஒண்ணு போதுமாமா. நாய விட வாய்க்காலத்தான் எச்சா விசாரிக்கிறாங்க."

அந்த அம்மாவே ஜீப்பில் கூட வந்து, ஒரு பகல் முழுவதும் எங்கள் வீட்டில் இருந்தார். உடைந்த மலையாளத்தில் அவர் சொல்ல, தம்பி எங்களுக்குச் சொன்னான். எப்படிச் சீவுவது, குளித்த பிறகு காதுக்குள் எப்படித் துடைப்பது, கால்விரல் இடுக்குகளில் எதைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். விரல்களை அவர் விரித்துப் பிடித்தபோதுதான் கவனித்தேன்: விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் தோல்.

அவருடைய ஊரில் இந்த நாய்கள் படகில் ஆட்களோடு ஆளாகப் போனவை. மீன் கூட்டத்தை வலைப் பக்கம் ஓட்டிவிடும். அறுந்து மிதக்கிற வலைத்துண்டையும் தவறி விழுந்த துடுப்பையும் நீந்திப் போய் எடுத்து வரும். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் சேதி கொண்டு போகும். துறைமுகத்தில் நிறுத்திய படகுக்குக் காவல் இருக்கும். பிறகு மோட்டார் படகுகள் வந்தன, கருவிகள் வந்தன, நாய்க்கு வேலை போயிற்று. விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு இனம் சுருங்கியபோது, அக்கறையுள்ள சிலர் மிஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்துப் பெருக்கினார்கள். இன்று உலகில் இருப்பவை எல்லாம் அந்தச் சில நாய்களின் வாரிசுகள்தாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை நாயின் முதுகிலேயே இருந்தது.

பிறகு முடி வெட்டக் காட்டினார். அந்த இனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இடுப்புக்குப் பின்னால் முழுக்கக் கத்தரித்துவிட்டு, முன்பாதியில் முடியை அப்படியே விடுவது. வால் நுனியில் மட்டும் ஒரு குஞ்சம். பின்னங்கால் தடையில்லாமல் நீந்தும். நெஞ்சுக்குக் கடல் குளிர் ஏறாது. வேலை முடிந்ததும் என் மனைவி சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "சட்ட போட்டுட்டு வேட்டி கட்ட மறந்தவனாட்ட இருக்குது" என்றாள். தம்பி இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அந்த அம்மா கிளம்பும்போது அழவில்லை. வாய்க்கால் வரை நடந்து போய், குனிந்து தண்ணீரைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எங்கள் தோப்புக்குக் கீழே மாமாவின் தோப்பு. என் மனைவிக்கு அவர் சித்தப்பா, எனக்கு மாமா. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், எங்கள் ஊர்களில், மாப்பிள்ளைக்கு மரியாதை அதிகம். அதே அளவுக்குக் கிண்டலும் அதிகம். மறுநாளே வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங் மாப்ள, முடி வெட்டுனவனுக்குக் கூலி பத்தலீங்களா? பாதியில உட்டுட்டுப் போயிட்டானாட்ட இருக்குது."

"அப்படித்தானுங் மாமா வெட்டோணும். முன்னால இருக்கற முடி நெஞ்சுல சூட்டக் காப்பாத்துமுங்."

"நம்மூரு வெயிலுக்கு நெஞ்சுல சூடு வேற வேணுமாக்கும்!"

அவர் சொன்னது சரிதான். அந்த வழக்கம் அட்லாண்டிக் கடலுக்கு ஏற்பட்டது. பாலக்காட்டு வெயிலுக்கு இல்லை. அடுத்த மாதமே முன்பாதியையும் குட்டையாக வெட்டிவிட்டேன். வால் குஞ்சத்தை மட்டும் விட்டேன். தண்ணீரில் அவள் திரும்பும்போது அது சுக்கான் போல் வளையும். பார்க்க அழகாக இருக்கும்.

குணத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் வாய் சும்மா இருக்காது. கடிப்பதில்லை, எதையாவது கவ்விக்கொண்டிருக்க வேண்டும். செருப்பு, பால் பாத்திரத்தின் மூடி, சந்தையிலிருந்து வந்த கொத்துமல்லிக் கட்டு, எதுவானாலும் பல் படாமல் எடுத்து வந்து யாராவது ஒருவர் கையில்தான் கொடுப்பாள். கீழே போடமாட்டாள். கையை நீட்டாவிட்டால் முன்னால் நின்றுகொண்டே இருப்பாள். எதையும் ஓரிரு முறையில் கற்றுக்கொள்வாள். கற்ற பிறகு, இப்போது செய்வதா வேண்டாமா என்று யோசிப்பாள். அவளுக்குப் பல குரல்கள். பசிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, காட்டுப்பன்றிக்கு ஒன்று. தனியாகக் கட்டிப்போட்டால் மட்டும் எந்தக் குரலும் வராது. அது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும். ஒரு நாள் கட்டிப்போட்டுப் பார்த்தோம். அதன் பிறகு கட்டவில்லை.

வாய்க்காலில் இறங்கிய முதல் வாரத்திலேயே அவள் தேங்காய் எடுக்க ஆரம்பித்தாள்.

இதில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாய்க்கால் ஓரத்து மரங்கள் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்துதான் வளரும். காய் விழுந்தால் தண்ணீரில். தண்ணீரில் விழுந்த காய், விழுந்த மரத்துக்காரனுக்குச் சொந்தமில்லை. எங்கே போய் நிற்கிறதோ அந்த இடத்துக்காரனுக்குச் சொந்தம். யார் எழுதி வைத்த சட்டமும் இல்லை. ஆனால் யாரும் மீறியதில்லை. எங்கள் தோப்பில் வாய்க்கால் நேராக ஓடுவதால் ஒரு காயும் நிற்காது. மாமாவின் தோப்பு ஆரம்பத்தில் மதகுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. எங்கள் காயும் எங்களுக்கு மேலே இருப்பவர்களின் காயும் மொத்தமாக அங்கே போய் நிற்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டே அவற்றைக் கரையில் எடுத்துப் போடுவது மாமாவின் நெடுநாள் பழக்கம்.

கண்ணு வந்த பிறகு அந்தத் தடுப்பில் சருகுதான் நின்றது. எந்தக் காய் மிதந்து வந்தாலும் பாய்ந்து போய், மட்டையின் காம்புப் பக்கத்தைக் கவ்விக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எங்கள் காய், மேல்தோப்புக் காய் என்று அவள் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பார்க்கவில்லை. ஒரு மீனவ ஊரின் பழைய வேலை எங்கள் வாய்க்காலில் நடக்கிறது என்று பூரித்துப்போய்ப் போவோர் வருவோரிடமெல்லாம் அவள் வம்ச வரலாற்றைச் சொன்னேன்.

ஒரு கல்யாணப் பந்தியில் மாமா எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி உரக்கச் சொன்னார்:

"நம்ம மாப்ளைக்குத் தேங்காச் சட்டினி வெக்காதீங்க. அவுரு ஊட்டுல தின்னு சலிச்சுப் போயிருப்பாரு."

"உங்க கம்பில வந்து நிக்கறதுக்கு முந்தி அது எங்க மரத்துலதானுங் மாமா நின்னுது."

பந்தியே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் அதன் பிறகு வேலியோரம் வருவதை நிறுத்திவிட்டார். வாய்க்கால் கரையில் எதிரே வந்தால், "வாங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

அந்தத் தை மாதம் முதல் கண்ணு படுத்த இடத்திலிருந்து எழச் சிரமப்பட்டாள். முன்பக்கம் எழுந்துவிடும். பின்பக்கம் ஒரு கணம் யோசிக்கும். படி ஏறும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல்போல் வைத்தாள். மிருகாஸ்பத்திரி டாக்டர் இளவயதுப் பெண். காலை மெதுவாக நீட்டி மடக்கிப் பார்த்து, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்றார். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, எடை ஏறக் கூடாது. ஆனால் சும்மாவும் இருக்கக் கூடாது. இருந்தால் தசை கரைந்து, கொஞ்ச நாளில் பின்னங்கால் இரண்டும் நிற்காமலே போகும்.

"நீந்தட்டும். தினமும் நீந்தணும். தண்ணியில எடை தெரியாது, தசைக்கு மட்டும் வேலை. இவளுக்கு மருந்தே அதுதான்."

ஏன் இப்படி வந்தது என்று கேட்டேன். பல இன நாய்களுக்கும் வருவதுதான். இது போலச் சிலவற்றிலிருந்தே பெருகிய இனத்தில் கூடுதலாகக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றார். "சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் முடிச்சுக்கிட்டே வந்தா சில கோளாறும் கூடவே வரும் சாரே."

நானும் என் மனைவியும் முறையில் அத்தை மகன், மாமன் மகள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க முழங்கால் வலிக்கும் நீந்தச் சொல்லுவாங்களா, கேளுங்க" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். வரும் வழியெல்லாம் என் மனைவி பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் கண்ணு என் துண்டைக் கவ்விக்கொண்டு படுத்திருந்தாள்.

மாசி முழுக்க வாய்க்காலில் நீந்தினாள். பலன் தெரிந்தது. ஆனால் இரண்டாம் போகம் முடிந்தால் வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திவிடுவார்கள். பிறகு மழை வந்துதான் திறப்பு. பங்குனியில் ஒரு நாள் காலை வாய்க்கால் அடியில் சேறும் சில குட்டைகளும் மட்டும் இருந்தன. அவள் அதில் இறங்கி நின்று என்னைப் பார்த்தாள்.

தோட்டத்துத் தொட்டி அவள் நீளத்துக்குப் போதாது. எங்கள் கிணற்றுக்குப் படி இல்லை. ஆற்றில் மணல்தான் இருந்தது. கோடையிலும் ஆளாழம் தண்ணீர் நிற்கிற இடம் சுற்று வட்டாரத்தில் ஒன்றே ஒன்று, ஊற்றுள்ள மாமாவின் குளம். இறங்குவதற்குச் சரிவான கரையும் உண்டு.

சில நாள் தள்ளிப்போட்டேன். கண்ணு வாசல் படியைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஏற ஆரம்பித்தாள். மனைவி பார்த்தாள்.

"எங்க சித்தப்பந்தான? நானொரு வார்த்த சொன்னா முடிஞ்சுது."

"வேண்டாம். பந்தியில பேசுனது நான். நானே போறேன்."

"போறீங்கன்னா வெறுங்கையோட போகாதீங்க. ஒரு சாக்குத் தேங்கா எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள். நான் வெறுங்கையோடுதான் போனேன். கண்ணுவை மட்டும் கூட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி நடந்தேன்.

மாமா வாசலில் அடுப்புக்குத் தென்னம்பாளை கிழித்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள" என்றார். மாமி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க மக நல்லா இருக்காளா?" என்று என் மனைவியை விசாரித்துவிட்டுப் போனார். மோட்டார் தண்ணீர் இழுக்காதது பற்றிப் பேசினோம். கூன்வண்டு விழுந்த மரங்களைப் பற்றிப் பேசினோம். மோர் தீர்ந்தது. ஒரு மாப்பிள்ளை மாமன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒன்றைக் கேட்பது எவ்வளவு கடினம் என்று எங்கள் பக்கத்து ஆண்களுக்குத்தான் தெரியும். கேட்டேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

மாமா பாளையைக் கீழே வைத்தார்.

"கொளத்துல கட்லா உட்டிருக்கறேன் மாப்ள. இது மீன் புடிக்கற நாயின்னு ஊரெல்லாம் சொன்னதே நீங்கதானுங்."

"புடிக்காதுங் மாமா. வலைக்குள்ள ஓட்டி உடுமாமுங், அவ்வளவுதானுங்."

"வலயே போடாதப்ப எங்க கொண்டு போயி உடும்?"

நான் பெருமையடித்த வரலாறு திரும்பி வந்து என்னையே கவ்வியது. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் கண்ணுவும் எழுந்தாள். முன்னங்கால்கள் நின்றன. பின்பக்கம் நடுங்கி, ஒரு முறை தரையில் உட்கார்ந்து, மறுபடி எழுந்தது. மாமாவின் காலடியில் கிடந்த பாளைத் துண்டு ஒன்றைக் கவ்வினாள். நடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

மாமா அவளைப் பார்த்தார். அவள் நகரவில்லை. அவர் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

"எந்திரிங்க மாப்ள" என்றார். "பேச்சென்னத்துக்கு? வெயில் ஏறறதுக்குள்ள எறக்குலாம்."

அந்தப் பாளைத் துண்டைத்தான் முதலில் குளத்தில் எறிந்தார். அவள் கரைச் சரிவில் மெதுவாக இறங்கினாள். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் அந்த நடுக்கம் போய்விட்டது. தலையை நிமிர்த்தி, வாலைப் பின்னால் நீட்டி, அலை எழுப்பாமல் போனாள். நிலத்தில் கிழவிபோல் இருந்தவள் தண்ணீரில் குட்டியாகிவிட்டாள். மீன் ஒன்று பக்கத்தில் துள்ளி விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாளை மேலேயே கண்.

"மீனப் பாக்கவே மாட்டீங்குதுங்களே" என்றார் மாமா. அவர் குரலில் ஏமாற்றம் இருந்ததோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்தக் கோடை முழுக்கத் தினமும் போனோம். முதலில் நான் எறிந்தேன். சில நாளில், நாங்கள் போவதற்கு முன்பே மாமா கரையில் ஒரு காய்ந்த தேங்காயோடு உட்கார்ந்திருந்தார். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நான் போன நாள்களில் அவரே வந்து கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். காதுக்குள் தண்ணீர் நிற்காமல் துடைக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னேன். அதற்கென்று தனித் துண்டு ஒன்றைக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டார். தேங்காய் வழக்கு பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குளத்தின் தண்ணீர் கீழே போகப் போக, சரிவில் வழுக்கும் இடத்தில் தென்னமட்டை வெட்டி அடுக்கி அவளுக்குப் படிபோல் வைத்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை. ஒரு நாள் போனபோது இருந்தது.

வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் டாக்டரிடம் காட்டினோம். மூட்டு மாறாது, அது அப்படித்தான் இருக்கும் என்றார். ஆனால் தொடையைத் தடவிப் பார்த்து, "எங்க நீந்த விடறீங்க? விட்டுடாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் கண்ணு நேராக நடந்து வாசல் படி ஏறினாள், ஒவ்வொரு காலாக. அன்று என் நாட்குறிப்பில் அதைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை.

மழை பிடித்து வாய்க்கால் திறந்த காலையில் அவள் எனக்கு முன்னால் போய்த் தண்ணீரில் நின்றாள். மேலே இருந்து ஒரு காய் சுழன்றுகொண்டு வந்தது. நீந்திப் போய்க் கவ்வினாள். நான் வழக்கம்போல் கரையில் குனிந்து கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். கையையும் பார்த்தாள். பிறகு காயோடு நீரோட்டத்தில் திரும்பிக் கீழே போனாள்.

நான் கரை வழியாகப் பின்னாலேயே நடந்தேன். மாமா மதகருகே பல் விளக்கிக்கொண்டு நின்றிருந்தார். கண்ணு தடுப்புக்குப் பக்கத்தில் கரையேறி, உடம்பை உதறாமல், நேராக அவர் முன்னால் போய் நின்றாள். மாமா வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். காயை வாங்கினார். அதன் பிறகுதான் அவள் உதறினாள். எங்கள் இருவர் மேலும் மழை.

"பாத்தீங்களா மாப்ள," என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "உங்க நாயிக்கு மொற தெரியுது."

"உங்க கைப் பழக்கமுங் மாமா."

"இது உங்க மரத்துக் காயா, மேல்தோப்புக் காயா?"

"எங்க வந்து நிக்குதோ அவுங்க காயுங்."

அவர் அதைக் கரையில் வைத்தார்.

இப்போதும் வாய்க்காலில் வருகிற காய்களை அவள்தான் எடுக்கிறாள். சிலது எனக்கு, பெரும்பாலும் அவருக்கு. அவள் எப்படிப் பிரிக்கிறாள் என்று நான் ஆராயவில்லை. கோடையில் குளம். வட்டவடையிலிருந்து போன அந்த அம்மாவுக்குத் தம்பி அவ்வப்போது படம் அனுப்புவான். போன தடவை அனுப்பியதில் மாமாவும் இருந்தார், கொய்யா மரத்தடியில், மடியில் கண்ணுவின் பின்பாதியோடு.

ஏனென்றால் சீப்பு ஒன்று அவரும் வாங்கிவிட்டார். நீந்தி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து சீவிவிடுகிறார். வால் குஞ்சத்தில் தொடங்கி, கழுத்துக்குப் போய், காதைக் கடைசியில் செய்கிறார். வரிசை முழுக்கத் தப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.